அரை அரிசி சாய்வு

அந்தக் கோல்ஃப் மைதானத்தில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தோட்டக்காரருக்கும் அவள் அக்காதான். உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, எட்டடிக்குப் பத்தடியில் அவளுடைய பட்டறை. ஒரு மேசை, மேசை ஓரத்தில் மட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், கொக்கி போல் வளைந்த கத்தி, டேப் சுருள்கள், தின்னர் டப்பா. பயிற்சித் திடலைப் பார்த்தபடி ஒரு ஜன்னல்.

பத்தொன்பது வருஷமாக அவள் செய்தது ஒரே வேலை. மட்டையின் கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தால் அதை உரித்துவிட்டுப் புதுசு போடுவது. கேட்பவர்களுக்கு இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். பழைய ரப்பரைக் கீறி உரித்து, தண்டில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, தின்னர் ஊற்றி, புது ரப்பரை ஒரே மூச்சில் தள்ளி ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு தின்னர் காய்வதற்குள் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் ரப்பரைத் திருகி நேராக்கிவிட வேண்டும். விட்டால் விட்டதுதான்.

நேராக்குவது எதற்கென்றால், சில கைப்பிடிகளின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் மெல்லிய மேடு ஒன்று ஓடும். மைதானத்தில் அதற்கு நரம்பு என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் விரல்கள் அந்த நரம்பைத் தேடிப் போய் உட்காரும். நரம்பு நேராக இருந்தால் மட்டையின் முகமும் நேராக இருக்கும். அரை அரிசி அகலம் சாய்ந்துவிட்டாலும் பிடிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பந்துக்குத் தெரிந்துவிடும்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். ஆனால் அவள் ஒட்டிய நரம்பு கோணியது என்று இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தர் வாய் திறந்ததில்லை. அளவுகோல் வைத்துப் பார்க்கும் பழக்கமும் அவளுக்கில்லை. ஒரு கண்ணை மூடி, தண்டின் நுனியிலிருந்து பார்ப்பாள். அது போதும்.

அவளுக்கு ஒரு தம்பி. இருவரும் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அதே மைதானத்தில் பை தூக்கும் வேலைக்கு அவனை அவள்தான் சேர்த்துவிட்டாள். பதினோரு வருஷம் மற்றவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்தவன், ஓய்வு நேரத்தில் தானும் ஆடக் கற்றுக்கொண்டான். உயரமான பையன், தோள் பலம் உண்டு. பந்தை அவன் அடிக்கிற அடியில் சத்தமே தனியாகக் கேட்கும். ஒரே ஒரு குறை. பந்து நேராகக் கிளம்பும், பாதி தூரம் போனதும் யாரோ காதைப் பிடித்துத் திருகியது போல் வலப்பக்கம் வளைந்துகொண்டு போய்விடும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். இடப்பக்கம் வளைந்தால் ஹூக். ஸ்லைஸ் இல்லாதவர்கள் அந்த மைதானத்தில் குறைவு. ஆனாலும் அவனுடையது மாதிரி அழகாக வளைந்தது யாருக்கும் இல்லை. அதனால் அவனுக்கு அரிவாள் என்று பட்டப்பெயர். அவன் மட்டையை எடுத்தாலே, வலப்பக்கம் நிற்கிறவர்கள் எல்லாம் காப்பீடு எடுத்தாச்சா என்று யாராவது கேட்பார்கள்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் தலைமைப் பயிற்சியாளர். எல்லோருக்கும் அவர் வாத்தியார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பேச்சில் ஊசி இருக்கும், குத்திய பிறகுதான் தெரியும். சனிக்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் வகுப்பு எடுப்பார். வகுப்பு தொடங்கும்போது அரிவாளைக் கூப்பிட்டுப் பத்துப் பந்து அடிக்கச் சொல்வார். பத்தும் வலப்பக்கம் வளையும். "நல்லா பாத்துக்கிட்டீங்களா? இதுல இவன் என்னென்ன செய்யறானோ அது எதையும் நீங்க செய்யாதீங்க. பாடம் முடிஞ்சுது." புதியவர்கள் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். பட்டறை ஜன்னல் வழியாக அக்காவுக்கு எல்லாம் கேட்கும். அவள் சிரித்ததில்லை.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். துணைப் பயிற்சியாளர் வேலை ஒன்று இருந்தது. அதற்கு ஆட்டத் தேர்வில் தேற வேண்டும். வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வருவார்கள். பதினெட்டுக் குழியையும் எண்பத்து நாலு அடிக்குள் முடிக்க வேண்டும். மைதானத்தின் கணக்கு எழுபத்து இரண்டு, அதற்கு மேல் பன்னிரண்டு அடி வரை கூடலாம். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு, அவ்வளவுதான். முதல் தடவை தம்பி தொண்ணூற்று ஒன்று. இரண்டாம் தடவை எண்பத்து ஒன்பது. மிச்சமிருந்தது ஒன்று. அதில் தேறினால் பையை இறக்கி வைத்துவிட்டு மனிதனாக நிற்கலாம். தேறாவிட்டால் முதுகு இருக்கும்வரை பை.

அவள் வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். ஒரு மாசம் அவனைப் பார்த்துத் திருத்திவிடுங்கள் சார் என்றாள். அவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"கையில கோளாறுன்னா திருத்தலாம்மா. உன் தம்பிக்குத் தலையே வலப்பக்கம் போகுது. அதுக்கு நான் என்ன பண்ண?"

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமைப் பாடத்துக்கு வேறு ஆள் கிடைக்காது அல்லவா.

அன்று முதல் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. கையில் ரப்பர், கண் வெளியே. இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பியின் இடுப்பு சரி, தோள் சரி, கால் சரி. இடது கைதான் கைப்பிடியின் மேல் வெளிப்பக்கமாகவே உட்கார்ந்திருந்தது. பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகம் மூடாமல் திறந்தே கிடந்தது. கையைக் கொஞ்சம் உள்ளே திருப்பிப் பிடித்தால் போதும்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீ எத்தனை ரவுண்டு ஆடியிருக்கே?"

"ஆடினாத்தான் தெரியணுமா? பாக்கறேன்ல."

"ரப்பர் ஒட்றவங்க ரப்பர் ஒட்டினா போதும்க்கா. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

அவள் மறுபடி சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாத்தியார் நூறு பேர் முன்னால் கேலி செய்தால் சிரிக்கிறவன், அக்கா வீட்டுக்குள் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மைதானத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தம்பி துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பட்டறைக்குப் போனாள். கைப்பிடியெல்லாம் வழுக்குகிறது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அது பொய்யும் இல்லை. பதின்மூன்று மட்டை. ஒவ்வொன்றிலும் புது ரப்பரை ஏற்றி, ஒரு கண்ணை மூடி நேராக்கி, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை அரிசி அகலம் சாய்த்தாள். இனி அவன் விரல்கள் வழக்கம்போல நரம்பைத் தேடிப் போய் உட்காரும். கை அதே கைதான். ஆனால் மட்டையின் முகம் அவனுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும். பத்தொன்பது வருஷத்தில் அவள் வேண்டுமென்றே கோணலாகச் செய்த வேலை அது ஒன்றுதான். பதின்மூன்றும் ஒரே அளவுக் கோணல். அதிலும் பிசகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவன் அடித்த முதல் பந்து நேராகப் போனது. அவன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டாவதும் நேர். மூன்றாவது பந்து போய் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டார். அந்த வாரமே எண்பத்து ஒன்று ஆடினான். அடுத்த வாரம் எண்பது. அரிவாள் என்ற பெயர் வாயிலிருந்து வாய்க்கு மழுங்கிக்கொண்டே வந்து ஒரு மாசத்தில் நின்றுபோனது.

எப்படி என்று கேட்டவர்களிடம் தம்பி இடுப்பு என்றான். இடுப்பை முதலில் திருப்பணும், அதுதான் ரகசியம், நானே கண்டுபிடித்தேன் என்றான். வீட்டிலும் இடுப்புதான். பல் தேய்க்கும்போதும் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"நீ சொன்ன மாதிரி கையத் திருப்பியிருந்தா கெட்டுச்சு. நல்லவேளை நான் கேக்கல."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆமாம் என்றாள். தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். தேர்வு முடியட்டும், அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் நாள் குறித்து வைத்துக்கொண்டாள். சொல்லும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று தினம் ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் நினைத்தாள் என்று சொல்ல முடியாது.

தம்பி அதோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை வகுப்பில், வாத்தியார் பேசிக்கொண்டிருக்கும்போதே, புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் ஒருவரிடம் அவர் சொல்வதை விடுங்கள், இடுப்பைத் திருப்புங்கள் என்றான். டாக்டரின் பந்து தற்செயலாக நேராகப் போய்விட்டது. நாலு பேர் கை தட்டினார்கள். வாத்தியார் சிரித்தபடியே தம்பியின் கையிலிருந்த டிரைவரை, அதாவது இருப்பதிலேயே நீளமான மட்டையை, வாங்கித் தானே ஒரு பந்து அடித்தார். முப்பது வருஷம் கோணாத அவருடைய பந்து இடப்பக்கம் சுருண்டுகொண்டு போய் வேலியில் முட்டியது. எல்லோரும் திகைத்தார்கள். அவர் வேலியைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தார்.

பத்து நிமிஷத்தில் அந்த மட்டையோடு பட்டறை வாசலில் நின்றார். கட்டை விரலால் நரம்பை மேலிருந்து கீழாக ஒரு தடவை நீவினார்.

"நரம்பு ஒருக்களிச்சுப் படுத்திருக்கே. நீ ஒட்டினதா?"

அவள் கையிலிருந்து டேப் சுருள் நழுவி உருண்டு அவர் காலடியில் போய் நின்றது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"பயப்படாதே. நல்ல வேலைதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் தம்பிகிட்டயும்தான்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் அவருடைய மட்டைகளுக்கெல்லாம் வரிசையில் இருந்தவர்களை நிறுத்திவிட்டு முதலில் ரப்பர் போட்டுக் கொடுத்தாள். பின்னாளில் எதை மறந்தாலும் அவருக்கு நன்றி சொன்னதை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

தேர்வு நாள் காலை. பையைத் தூக்க ஆள் ஒருவரை அழைத்து வரலாம் என்பது விதி. அவள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தம்பிக்கு அதில் கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் சரி என்றான். தேர்வாளர்களுக்குத் தேநீர் வாங்கி வர அவள் போய்த் திரும்புவதற்குள், பயிற்சித் திடலில் தம்பி வாத்தியாரோடு நின்றுகொண்டிருந்தான். அங்கே நடந்ததை அவள் பிறகுதான் பல் டாக்டர் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நல்ல நாள், என் மட்டையில் ரெண்டு அடித்துப் பார், ராசியாக இருக்கும் என்று வாத்தியார் தன் டிரைவரை நீட்டியிருக்கிறார். அக்கா நேராக ஒட்டிக் கொடுத்த நரம்பு. தம்பி அடித்த இரண்டு பந்தும் பழையபடி வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போயிருக்கின்றன. வாத்தியார் அவன் தோளைத் தட்டியிருக்கிறார். வியாதி உள்ளேயே இருக்கிறது, இடுப்பெல்லாம் சும்மா, இடது கையை உள்ளே திருப்பு என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறார். மூன்றாவது பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருக்கிறது. நாலாவதும். தம்பி அவர் காலைத் தொடாத குறை. இத்தனை வருஷமாகச் சொல்லாத வித்தையை அவர் அன்று காலைதான் சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

முதல் குழி. தம்பி தன் டிரைவரை எடுத்தான், இடது கையை உள்ளே திருப்பினான், அடித்தான். சாய்ந்த நரம்பும் திருப்பிய கையும் சேர்ந்துகொண்டன. பந்து இடப்பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. தேர்வாளர்களில் ஒருவர் குறித்துக்கொண்டார். வாத்தியார் நிழலில் நின்று கிராம்பு மென்றுகொண்டிருந்தார். அக்கா தம்பியின் கையைப் பார்த்தாள், பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தொப்பியை லேசாகத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்தார்.

முதல் குழியில் மூன்று அடி கூடுதல். இரண்டாவதில் இரண்டு. அனுமதித்தது மொத்தமே பன்னிரண்டு. பழைய மாதிரியே பிடி என்று அவள் கிசுகிசுத்தாள். பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு வா என்றான். மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு மரப்பாலம் உண்டு. தேர்வாளர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவள் பாலத்தின் நடுவில் பையை இறக்கி வைத்தாள். மட்டையில நரம்பைச் சாய்ச்சு ஒட்டியிருக்கேன், நீ கையத் திருப்பினா ரெண்டும் சேந்துடும், பழைய பிடியில அடிச்சாத்தான் நேரா போகும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் பையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தான்.

மூன்றாவது குழியில் பழைய பிடி. பந்து நேர். நாலாவதிலும் நேர், குழிக்குக் கையெட்டும் தூரத்தில் போய் நின்றது. கூடுதலாக ஒரு அடியும் இல்லை. இனிப் பதினாலு குழி, கையில் ஏழு அடி மிச்சம். தாராளம். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. ஐந்தாவது குழிக்குப் பந்தை வைத்துவிட்டு அவன் அவளிடம் வந்தான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அப்ப இந்த மூணு மாசமா அடிச்சது யாரு? நானா, நீயா?"

நீதான்டா என்று சொல்லியிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை. தோள் அவனுடையது, கால் அவனுடையது, விடிய எழுந்து அடித்த ஆயிரக்கணக்கான பந்து அவனுடையது. ஆனால் மூன்று மாசம் விழுங்கி வைத்திருந்தது அவளுக்குத் தொண்டையில் நின்றது. இடுப்பு, இடுப்பு என்று அவன் ஆடிக் காட்டியது கண் முன்னால் வந்தது. பத்தொன்பது வருஷமும் வந்தது.

"ரெண்டு பேரும்தான்" என்றாள்.

அவன் தலையாட்டினான். திரும்பிப் போய்ப் பந்துக்கு முன்னால் நின்றான். இடது கையை எடுத்து, அவளுக்குத் தெரியும்படி நிதானமாக, வாத்தியார் சொன்ன இடத்துக்குத் திருப்பி வைத்தான். அடித்தான். பந்து இடப்பக்கம் சுருண்டு புதருக்குள் போனது. அவன் பந்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். ஆறாவது குழியிலும் அப்படியே. ஏழாவதிலும் அப்படியே. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் மீதிக் குழிகள் முழுக்க அவன் பின்னால் நடந்தாள். பந்தைத் தேடுவதற்கு அவன் குனியவில்லை. அவள்தான் புதருக்குள் கையை விட்டுத் தேடினாள். முழங்கை வரை முள் கீறியது. கடைசியில் நூற்று ஏழு. மூன்று தேர்விலும் சேர்த்து அதுதான் அதிகம்.

தேர்வாளர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆள் பலசாலிதான், பாவம், யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். வாத்தியார் ஆமாம் சார் என்றார்.

அன்றிலிருந்து தம்பி வீட்டில் முன்னறையில் படுத்தான், அவள் உள்ளறையில். பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் அவனே எடுத்துக்கொண்டான். மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு நடந்தபோது ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். வாத்தியாரின் பாடம் இப்போது இரண்டு பங்காக வளர்ந்திருந்தது. முதலில் தன் மட்டையைக் கொடுத்துப் பழைய பிடியில் ஐந்து பந்து அடிக்கச் சொன்னார். ஐந்தும் வலப்பக்கம். பிறகு தம்பியின் மட்டையைக் கொடுத்து, கையைத் திருப்பி ஐந்து பந்து. ஐந்தும் இடப்பக்கம்.

"இது ஸ்லைஸ், இது ஹூக். ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட பாக்கற பாக்கியம் வேற எங்கயும் கிடைக்காது. முன்னாடி இவனை அரிவாள்னு சொல்லுவோம். இப்ப ரெண்டு பக்கமும் வெட்டறதால கத்தரிக்கோல்."

சிரிப்பு எழுந்தது. தம்பியும் சிரித்தான், முன்பு போலவே.

அடுத்த செவ்வாய்க்கிழமை தோட்டக்காரர் ஒரு பையைச் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். தம்பியின் பை. மற்றவர்கள் கொடுப்பது போலவே காகிதத்தில் எழுதி நூலால் கட்டியிருந்தது. கையெழுத்தை அவள் அறிவாள், அ, ஆ போட அவள்தான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். பதின்மூன்று மட்டை, கைப்பிடி மாற்ற வேண்டும், நரம்பு நேராக ஒட்டவும் என்றிருந்தது. அக்கா என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. தோட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, "வீட்லதானே இருக்கீங்க ரெண்டு பேரும், கையிலயே குடுக்கலாமே, எதுக்கு என்னைச் சுமக்க விடறான்?" என்றார். அவள் மேசையில் இடம் ஒதுக்கினாள்.

அன்று வேறு யார் மட்டையையும் அவள் தொடவில்லை. பதின்மூன்றையும் உரித்தாள். டேப்பைச் சுற்றினாள், தின்னர் ஊற்றினாள், ரப்பரை ஏற்றினாள். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்து, மயிரிழை கோணாமல் நேராக்கினாள். மாலையில் தோட்டக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் ஒரு பழைய ரப்பரை உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. அது தம்பியின் அடி, அந்தச் சத்தம் வேறு யாருக்கும் வராது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் மைதானம் அமைதியாக இருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் பழைய பிடிக்கே திரும்பிவிட்டான், பந்து வலப்பக்கம் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அதில் அவள் பங்கு ஒன்றும் இல்லை. நரம்பு நேராக இருந்தது. கத்தியை ரப்பருக்குள் இறக்கி, அடி வரை ஒரே கோடாகக் கீறினாள்.